பினாயில் அக்கா கேட்ட ஒரு வாளி

தெருவில் அவளைப் 'பினாயில் அக்கா' என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியமில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவள் வீட்டுக்குள் நுழைந்தால் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும்.

அந்தத் தெருவில் பாதாளச் சாக்கடை கிடையாது. அடியில் ஒரே பாறை, குழியில் விழும் தண்ணீர் எங்கும் இறங்காது. நாற்பது நாளைக்கு ஒரு தரம் குழி நிரம்பும், கழிவுநீர் லாரிக்காரனைக் கெஞ்ச வேண்டும். அப்படியொரு நாள், எண்பது வயது மாமனார் பக்கத்து வீட்டு வாசலில் போய், "கொஞ்சம் பாத்ரூம் போகணும்" என்று தலைகுனிந்து நின்றார். அதைப் பார்த்த அன்றே அவள் முடிவு செய்துவிட்டாள்.

கொத்தனாரை அழைத்து எல்லாவற்றையும் மாற்றினாள். ஒரு மக்கு தண்ணீரிலேயே சுத்தமாகிவிடும், சரிவு கூடிய கழிவறைக் கோப்பை. இரண்டு அறை வைத்த தொட்டி. அதற்கப்பால் ஜல்லி கொட்டி, கல்வாழை நட்ட பாத்தி. பாத்தியைத் தாண்டி வரும் தண்ணீர் தோட்டத்துக்கு. இரண்டு மாதம் எல்லாம் ஜோராக நடந்தது.

மூன்றாம் மாதம் நாற்றம் கிளம்பியது. பக்கத்து வீட்டு வாத்தியார் நகராட்சிக்குப் புகார் எழுதிப் போட்டார். அதிகாரி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் நாற்றம் நிற்காவிட்டால் மூடிவிட வேண்டும் என்று சொல்லிப் போனார். மூடினால் மறுபடி லாரிதான், மாமனாருக்கு மறுபடி பக்கத்து வீட்டு வாசல்தான்.

அவள் என்ன செய்வாள்? பினாயிலை இரண்டு மடங்காக ஊற்றினாள். பத்து நாளில் நாற்றம் நாலு மடங்கானது. கொத்தனாரைப் பிடித்து இழுத்து வந்தாள். கோப்பையில் என்ன ஊற்றுகிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, காலையும் மாலையும் ஒரு மூடி பினாயில் என்றாள். "மூடி இல்ல, டம்ளர்" என்று உள்ளேயிருந்து கணவர் குரல் வந்தது.

கொத்தனார் தலையில் கை வைத்தார். "தொட்டியில இருக்கிற கிருமிங்கதாம்மா வேலையாளுங்க. தினம் ரெண்டு வேளை அவங்களுக்கு விஷத்த வெச்சிட்டு, வேலை நடக்கலன்னு என்னைக் கூப்பிடுறீங்க."

இருப்பதை லாரி வைத்து எடுத்துவிட்டு, நன்றாக ஓடுகிற தொட்டியிலிருந்து ஒரு வாளி சேறு கொண்டுவந்து ஊற்றச் சொன்னார். பினாயிலைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாதாம்.

நன்றாக ஓடுகிற தொட்டி அவளுக்குத் தெரிந்து ஒன்றுதான். பதினோரு வருடமாக நிரம்பாத தொட்டி, கொழுந்தன் பெண்டாட்டி வீட்டில். அந்த ஓரகத்தியின் பாத்ரூமுக்குள் செருப்பில்லாமல் போக முடியாது என்று சொந்தக்காரர்கள் கூடிய இடத்தில் இவள் சொன்னது இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. இரண்டு நாள் வீட்டைத் தேய்தேய் என்று தேய்த்தாள். மூன்றாம் நாள் மூடிபோட்ட வாளியும் கையுறையுமாக ஆட்டோ ஏறினாள்.

கதவைத் திறந்த ஓரகத்தி வாளியைப் பார்த்தாள். "என்னக்கா, எங்க பாத்ரூமக் கழுவ வந்தீங்களா?"

"இல்ல. உங்க தொட்டியிலேருந்து ஒரு வாளி வேணும்."

ஓரகத்தி வாசற்படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வர வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவள் நின்றபடியே, டம்ளரைக்கூட விடாமல் முழுக் கதையும் சொன்னாள்.

"எங்க வீட்டு அழுக்கு உங்க வீட்டுக்கு ஆகுமாக்கா?"

"ஆகும். அன்னிக்கு நான் பேசினது தப்பு. சிரிச்சு முடிச்சிட்டன்னா வந்து மூடியத் தூக்க ஒரு கை குடு."

ஓரகத்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள்.

திரும்பும்போது ஆட்டோக்காரர் வாளியில் என்ன என்று கேட்டார். மருந்து என்றாள், பள்ளத்தில் மெதுவாக இறக்கச் சொன்னாள்.

லாரிக்காரன் காலி செய்துவிட்டுப் போன தொட்டியில் வாளிச் சேற்றை ஊற்றினாள். அதன் பிறகு கோப்பைக்குப் பிரஷ், வெந்நீர், தோள்பட்டை வலி, அவ்வளவுதான். முதல் வாரம் நாற்றம் அசையவே இல்லை. கை பினாயிலைத் தேடியது. புட்டிகளைப் பரணில் ஏற்றி, ஏணியை வாத்தியார் வீட்டுக்கே இரவல் கொடுத்துவிட்டாள். மூன்றாம் வாரம் கல்வாழை புதுக் குருத்து விட்டது.

கெடு முடிந்த நாள் அதிகாரி வந்து குனிந்து மோந்தார். ஒன்றுமில்லை. வாத்தியார் விடவில்லை. "இன்னிக்குக் காத்து அந்தப் பக்கம் அடிக்குது சார், அதான் தெரியல."

அவள் உள்ளே போய் மூன்று நாற்காலிகளைக் கொண்டுவந்து பாத்தி ஓரத்தில் வரிசையாகப் போட்டாள். "காத்து இந்தப் பக்கம் திரும்புற வரைக்கும் எல்லாரும் உக்காருங்க."

முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார்கள். காற்று திரும்பியது. கல்வாழை இலைகள் வாத்தியார் பக்கம் சாய்ந்தன. அவர் இரண்டு தரம் ஆழமாக மூச்சிழுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் தரம் இழுக்காமல் எழுந்து போனார். அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

ஓரகத்திக்குப் போன் போட்டு, "மூடல" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் மறுபடியும் அதே சிரிப்பு. போனை வைத்துவிட்டு நாற்காலிகளைக் கழுவப் போனாள், வெறும் தண்ணீரில்.