இரண்டாவது லைன்

தம்பானூரில் ஒரு லாட்ஜின் மூன்றாம் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. சாலை என்னும் கடைத்தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த பிரவுசிங் சென்டர்களுக்கு இன்டர்நெட் கொடுப்பது எங்கள் தொழில். முதலாளி ஆரியசாலையில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரி. கம்ப்யூட்டர் அறைக்குள் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். வேலை தெரிந்தவர்கள் இரண்டே பேர். லைன்களையும் வாடிக்கையாளர்களையும் கவனித்தவர் நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோனார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். எல்லா சென்டர்களுக்கும் இன்டர்நெட்டைப் பிரித்துவிடும் லினக்ஸ் மெஷின் என் ராஜ்யம். வேறு யாராவது அதைப் பற்றிப் பேசினாலே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

எல்லா சென்டர்களும் ஒரே லைனில் தொங்கிக்கொண்டிருந்தன. மதியம் தாண்டினால், ஒரு பக்கம் திறப்பதற்குள் கீழே போய் சாயா குடித்துவிட்டு வரலாம். அண்ணாச்சிதான் முதலாளியிடம் மன்றாடி, வேறொரு கம்பெனியிலிருந்து இரண்டாவது லைனை வாங்க வைத்தார். "பாரம் ரெண்டாப் பிரியும் முதலாளி. அதுக்கு நான் பொறுப்பு" என்று அவர் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

லைன் வந்த வாரமே மெஷினின் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. புது டிஸ்க் போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவினேன். எந்தத் தகவல் எந்த லைனில் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் மென்பொருளை நாமே கட்டளை கொடுத்து உருவாக்கி, அதாவது கம்பைல் செய்துகொண்ட காலம் அது. சமமான வழிகள் இரண்டு இருந்தால் இரண்டையும் பயன்படுத்து என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். மல்டிபாத் என்பார்கள். சொல்லாவிட்டால் ஒன்றை மட்டும் பயன்படுத்திக்கொண்டு, மற்றதைப் பட்டியலில் சும்மா காட்டும். ஒற்றை லைன் இருந்த நாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, அதே கட்டளையை நான் அப்படியே அடித்தேன்.

"மல்டிபாத் போட்டியா மக்கா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"போடாம இருப்பேனா அண்ணாச்சி?" என்றேன்.

வேகம் வரவில்லை. சென்டர்காரர்கள் மலையாளத்திலும் தமிழிலும் திட்டினார்கள். அவ்வளவு திட்டும் அண்ணாச்சிக்குத்தான். அவர் லைன் கொடுத்த கம்பெனியோடு சண்டை போட்டார், ஒயரை மாற்றினார், மொட்டை மாடிக்கு ஏறி ஏறி இறங்கினார். ஒருநாள் என்னிடம் வந்து, "ரெண்டாவது மோடத்துல லைட்டு எப்பமாவதுதான் மின்னுது. மெஷின ஒருக்கா பாரு, கேட்டியா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "உங்க லைன் சரியில்லேன்னா என் மெஷினக் குத்தம் சொல்லாதீங்க" என்று கத்தினேன். முதலாளி அறை வாசலில் நின்றிருந்தார். அவர் நிற்பது தெரிந்துதான் கத்தினேன்.

அந்தச் சனிக்கிழமையோடு அண்ணாச்சியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஆபீசுக்குப் பக்கமாகக் கரமனையில் குடிவர வீடு பார்த்து, மகளுக்குப் பள்ளிக்கூடமும் கேட்டு வைத்திருந்தார் மனிதர். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. சோற்றுப் பாத்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு வழக்கமான ரயிலுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை முதல் திட்டு எனக்கு வர ஆரம்பித்தது. அப்போதுதான் மெஷினை ஒழுங்காகப் பார்த்தேன். பட்டியலில் இரண்டு வழிகளும் இருந்தன. நடைமுறையில் இருப்பதைக் காட்டும் நட்சத்திரக் குறி ஒன்றின் பக்கத்தில் மட்டும். சீட்டைப் பார்த்தேன். மல்டிபாத் என்ற சொல்லே அதில் இல்லை. அதைச் சேர்த்து மறுபடி கம்பைல் செய்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் இரண்டு மோடங்களும் மும்முரமாக மின்னிக்கொண்டிருந்தன.

"பாத்தியாடே, அவன் போனான், ஸ்பீடு வந்துட்டு. ஆளுக்கு விஷயம் தெரியல" என்றார் முதலாளி.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்றாவது சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம் பாதி, என் கையால் வந்த தப்பு என்று சொல்ல விடாத திமிர் பாதி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இருந்த இடம் எனக்குத் தெரியும். நாகர்கோவிலில் அவருடைய பக்கத்து வீட்டு நம்பரைப் பலமுறை அழைத்து, மணி அடித்ததும் வைத்திருக்கிறேன்.

ஒரு வருடம் கழித்து ரயில் நிலையத்தில் அவரே என்னைப் பார்த்துவிட்டார். மச்சானின் அரிசிக் கடை சாலைக் கடைத்தெருவில் இருந்தது; அங்கேதான் வேலைக்கு நிற்கிறாராம். சட்டைக் கை முழுக்க அரிசி மாவு. வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் போன பொறவு ஸ்பீடு வந்துட்டுன்னு சொன்னாவ. வேற கம்பெனியில கூப்பிட்டாங்க, நான் போகல. திரும்பவும் தப்பாப் போச்சுன்னா? நான் எங்கடே தப்பு பண்ணுனேன்? அத மட்டும் சொல்லு."

நாகர்கோவில் வண்டி வந்து நின்றது. ஜனம் முண்டியடித்தது. அவர் ஏறாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியல அண்ணாச்சி" என்றேன்.

அவர் அதை நம்பினார்.