வெட்டிப்போட்ட விமர்சனம்

நானும் என் நண்பனும் சேர்ந்து இணையத்தில் ஒரு சேனல் நடத்தினோம். வீடியோ கேம்களை ஆடிப் பார்த்துத் தமிழில் விமர்சனம் சொல்வது. அவன் ஆடுவான், நான் பேசுவேன். குரோம்பேட்டையில் ஒரே பள்ளியில் படித்த காலத்திலிருந்தே எங்களுக்குள் வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது. வாத்தியார் கேள்வி கேட்டால் நான் சட்டென்று எதையாவது சொல்லிவிடுவேன். அவன் யோசிப்பான். யோசித்து முடிப்பதற்குள் வாத்தியார் அடுத்த பெஞ்சுக்குப் போயிருப்பார்.

அவன் குடும்பத்துக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் செல்போன் உதிரிப் பொருள் கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனுடைய அத்தா கடையைப் பார்த்துக்கொள்வார். இவன் பைக்கை எடுத்துக்கொண்டு மாடம்பாக்கத்தில் என் வீட்டு மாடிக்கு வந்துவிடுவான். ஃபேன் சத்தம் பதிவாகிவிடும் என்று அதை நிறுத்திவிட்டு, சட்டை முதுகோடு ஒட்ட உட்கார்ந்து வீடியோ எடுப்போம்.

அப்போதுதான் அந்தச் சண்டை கேம் வந்தது. ஆறாம் வகுப்பில், பள்ளி விட்டதும் அவன் வீட்டுக்கு ஓடிப்போய்த் தமிழ் டப்பிங்கில் நாங்கள் பார்த்த ஒரு அனிமே தொடரை வைத்துச் செய்த கேம். வந்த அன்றே வாங்கி மூன்று வாரம் விடாமல் ஆடினான். நான் ஒரே ஒரு சாயங்காலம் ஆடினேன்.

வெளிநாட்டு விமர்சகர்கள் அதற்குள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். கதைப் பகுதியை அசையாத படங்களைக் காட்டி ஒப்பேற்றியிருக்கிறார்கள், யாரைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே மாதிரி அடிக்கிறார்கள், ஆன்லைனில் ஆடினால் திக்கித் திணறுகிறது என்றெல்லாம். ரசிகர்களோ, தொடரில் பார்த்த அதே முகம், அதே அடி, வேறென்ன வேண்டும் என்று பதிலுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சூட்டில் திட்டி ஒரு வீடியோ போட்டால் நன்றாக ஓடும் என்று எனக்குத் தெரியும். விமர்சகர்கள் சொன்னதையே என் சொந்தக் கருத்துபோல எழுதி வைத்துக்கொண்டு பேசினேன்.

கடைசியில் ஒரு பேச்சுக்கு அவனிடம் கேட்டேன், "உனக்கு எப்படிடா இருந்துச்சு?"

அவன் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு யோசித்தான். நீண்ட நேரம் யோசித்தான். பிறகு, "நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்று ஆரம்பித்து ஐந்தாறு நிமிடம் பேசினான். கேமராவுக்கு முன்னால் அவன் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. குறைகளையெல்லாம் ஒப்புக்கொண்டான். ஆனால் இது தனியாக உட்கார்ந்து ஆடி மார்க் போடுகிற கேம் இல்லை, பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்தால்தான் இதன் ருசி தெரியும் என்றான். அடி வாங்குகிறவன் தப்பிக்க எப்போதும் ஒரு வழி இருக்கிறது, கேம் அதைச் சொல்லித் தராது, நாமே கண்டுபிடிக்க வேண்டும் என்றான். அதற்கப்புறம் கையை ஆட்டி ஆட்டி வில்லனைப் பற்றி ஏதோ சொன்னான். அது எனக்கு ஞாபகம் இல்லை. நான் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. வீடியோவுக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எடிட் செய்யும்போது அவன் யோசித்த நேரத்தை மட்டும் அப்படியே விட்டேன். முகத்தைப் பெரிதாக்கி, பின்னால் சில்வண்டு சத்தம் சேர்த்தேன். "நல்லாத்தான் இருக்கு" என்று அவன் சொன்னதும் வெட்டிவிட்டேன். நாங்கள் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அந்த வீடியோதான். 'அண்ணனை யாராவது சார்ஜ்ல போடுங்க' என்று ஒருவர் எழுதினார். அவன் முகத்தை வெட்டி ஸ்டிக்கர் செய்து குரூப்களில் சுற்றவிட்டார்கள். அந்தக் கமென்ட்டுகளுக்கெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஹார்ட் போட்டவன் நான்.

அடுத்த ஞாயிறு வந்தபோது, கடைக்கு வந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் அவனிடமே அந்த ஸ்டிக்கரைக் காட்டிச் சிரித்ததைச் சொன்னான். சொல்லும்போது அவனும் சிரித்தான், அதனால் நானும் சிரித்தேன். கொஞ்சம் கழித்து, "நான் பேசுனதையும் போட்டிருக்கலாமே மச்சான்" என்றான்.

"நீளமா இருந்துச்சுடா. யாரும் பாக்க மாட்டாங்க."

தலையை ஆட்டிக்கொண்டான். அதற்கடுத்த ஞாயிறு கடைக்குச் சரக்கு வருகிறது என்றான். அதற்கடுத்த வாரம் அத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்றான். பிறகு நான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். தனியாக நாலு வீடியோ போட்டேன். எனக்கு ஆடத் தெரியாது என்பது பார்த்தவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. சேனல் நின்றது, நான் வேலைக்குப் போனேன்.

பின்னால் அந்த கேமைப் பற்றிய பேச்சு மாறியது. சில குறைகளைச் சரிசெய்தார்கள். விடாமல் ஆடியவர்கள், அவசரப்பட்டுத் திட்டிவிட்டோம் என்று எழுத ஆரம்பித்தார்கள். ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் வீட்டில் பக்கத்தில் உட்காரவைத்து என்னை ஆட வைத்தார். இரண்டு மணி நேரம் தோற்றுக்கொண்டே இருந்தேன், ஆனால் எழுந்திருக்க மனம் வரவில்லை. தப்பிக்கும் வழி ஒன்று தற்செயலாகக் கைக்கு வந்தபோது அவன் ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போய்ப் பழைய ஹார்டு டிஸ்க்கில் அந்த முழுப் பதிவைத் தேடினேன். இடம் போதவில்லை என்று அந்த வாரமே அழித்திருக்கிறேன்.

சேனல் நின்று பல வருடம் கழித்து, போன வருடம்தான் அவன் கடைக்குப் போனேன். அத்தா இப்போது வீட்டோடு இருக்கிறார், கடை முழுக்க இவன் பொறுப்பு. டீ வரவழைத்துக் கொடுத்தான். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்: அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி, நல்ல கேம். கேம் ஆடுவதையே விட்டு ரொம்ப நாளாயிற்று என்றான் அவன். வில்லனைப் பற்றி என்ன சொன்னாய் என்று கேட்டேன். ஞாபகம் இல்லை என்றான்.

நின்றிருந்த வாடிக்கையாளர் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒண்ணு கேக்கட்டுமா? அந்த வீடியோவ எடுத்துரு மச்சான். பொண்ணு மூணாவது படிக்கிறா. போன்ல எல்லாத்தையும் தேட ஆரம்பிச்சுட்டா."

கேமைப் பற்றித் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த வீடியோ இன்னும் அங்கேயே இருக்கிறது, யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. அங்கேயே நின்று போனை எடுத்தேன். பாஸ்வேர்டு மறந்துபோய் மூன்று தடவை தப்பாகப் போட்டேன். அவன் யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். அழித்துவிட்டேன் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்து, "தேங்க்ஸ் மச்சான்" என்றான்.

மன்னிப்புக் கேட்க அதுதான் சமயம். அதற்குள் கடையில் ஆள் சேர்ந்துவிட்டது. வரேன்டா என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.