என் மகனுக்குப் போட்ட சொட்டு மருந்து

சோழவந்தான் சாலையை ஒட்டிய சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் எங்கள் அப்பா. இளம்பிள்ளை வாதத்தால் கால் விளங்காமல் போன தம்பியைத் தோளில் சுமந்தே பள்ளிக்குச் சென்றவர்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மத்திய சுகாதாரத் துறை இணை அமைச்சரானார். முக்கியக் கோப்புகள் மூத்த அமைச்சரிடம் போய்விடும். “எனக்கு ரிப்பனும் கத்திரிக்கோலும்தாம்மா” என்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு நின்ற ஒரு நாளை இங்கே எழுதுகிறேன்.

அவனியாபுரத்துக்கு அப்பால் ஓர் ஊரில், போலியோ சொட்டு மருந்து போட்ட மறுநாள் ஒரு குழந்தை இறந்துவிட்டது. முன்பே கடும் காய்ச்சலில் இருந்த குழந்தை. மருந்து காரணமில்லை என்றார்கள் டாக்டர்கள். ஊர் நம்பவில்லை. முகாமில் கல் விழுந்தது. மதுரை வந்திருந்த அப்பா அங்கே கிளம்பும்போது, எட்டு மாதமான என் மகனைப் பார்த்தார்.

“பிள்ளையத் தூக்கிட்டு வாரியாம்மா?”

“உங்க பதவிக்கு எம்பிள்ளதான் கிடைச்சானா?” என்று கத்திவிட்டேன்.

“அம்புட்டுத் தாய்மாரும் பிள்ளைகள ஒளிச்சு வச்சிருக்காக. உன் சித்தப்பா மாதிரி இன்னும் எத்தனை பேரு தவழணும்? நீ வரலேன்னாலும் நான் போறேன்.”

பயந்துகொண்டேதான் போனேன்.

“மந்திரி பேரனுக்குத் தனி மருந்து வச்சிருப்பாக!” என்று கூட்டத்தில் ஒரு பெண் கத்தினார்.

அப்பா மருந்துக் குப்பிகள் இருந்த ஐஸ் பெட்டியை அவர் முன் நகர்த்தினார். “நீயே ஒண்ண எடு தாயி.”

அந்தப் பெண் எடுத்த குப்பியிலிருந்து நர்ஸ் என் மகனுக்குச் சொட்டுவிட்டார். அவன் முகம் சுளித்தான். அப்பா மடியிலேயே தூங்கிப்போனான். யாரும் கலையவில்லை. அவன் மார்பு ஏறி இறங்குவதையே ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. பொழுது சாயும் வேளையில் விழித்துப் பாலுக்கு அழுதான். அந்தப் பெண் வீட்டுக்குப் போய்த் தன் மகளைத் தூக்கிவந்தார். பிறகு மற்றவர்களும் வந்தார்கள்.

காரில் அப்பாவின் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. “எம்புட்டுப் பயந்தேன் தெரியுமா? உன் முகத்த நிமிர்ந்து பாக்க முடியலம்மா.”

அந்தப் பயம் அவரைவிட்டுப் போகவேயில்லை. கடைசி நாட்களில் சிறுநீரகம் பழுதாகி நினைவு தடுமாறியபோதும், “பிள்ளை முழிச்சுட்டானா?” என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். பள்ளிச் சீருடையோடு அருகில் உட்கார்ந்து, “முழிச்சுத்தான் இருக்கேன் தாத்தா” என்பான் என் மகன்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், எங்களைத் தனியே விடாத காளவாசல் அக்கம்பக்கத்தாருக்கும், உறவினர்களுக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி. ஐஸ் பெட்டிக்குள் கைவிட்ட அந்தத் தாயின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் எங்கள் வணக்கம்.