ரகுராமன் சாரின் கள ஆய்வுகள்

பேராசிரியர் ரகுராமன் இறந்த முப்பதாம் நாள் தஞ்சாவூரில் அவருடைய படத்திறப்பு நடந்தது. மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் துக்கத்தோடு இருந்தார்கள். புகழேந்திக்கும் துக்கம்தான். ஆனால் அதற்கு மேல் ஒரு பயமும் இருந்தது.

காரணம், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சாருடைய மனைவி ஆனந்தம் அம்மாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சாருக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டிலிருந்து சீனியையும் வெல்லத்தையும் நாடு கடத்தியவர் அவர்.

சார் கல்லூரியில் சமயவியல் சொல்லிக்கொடுத்தவர். புத்தகத்தில் படித்தால் எந்த மதமும் பாதிதான் புரியும், நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பார். அதற்குப் பெயர் கள ஆய்வு. ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிறு தவறாமல் அது நடந்தது. வண்டி ஓட்டியது பழைய மாணவன் புகழேந்தி, இப்போது வலங்கைமானில் பள்ளி ஆசிரியர். அவன் அப்பா பண்ணை வேலை பார்த்துக்கொண்டே கறுப்புச் சட்டை போட்டவர். சாமி படம் ஒன்றுகூட வீட்டுக்குள் வந்ததில்லை. பிள்ளையோ டெல்டாவின் எந்தப் பக்தரையும்விட அதிகக் கோயில் வாசல்களில் வண்டி நிறுத்தியவன்.

சாருடைய ஆய்வு எப்போதும் பிரசாதம் கொடுக்கும் நேரத்துக்குத்தான் போய்ச் சேரும் என்பதை அவன் இரண்டாம் வாரமே கண்டுகொண்டான். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணச் சடங்குகளை மட்டும் ஏழு வருஷம் ஆராய்ந்தார். யாரென்றே தெரியாத தம்பதியை மனதார வாழ்த்திவிட்டுப் பந்தியில் உட்காருவார். பாயசம் இரண்டு தடவை. நோட்டுப் புத்தகத்தில் 'சடங்கு குறைவின்றி நிறைவேறியது' என்று எழுதிக்கொள்வார். திரும்பும் வழியில், "புகழ், ஆத்துல ஒண்ணும் சொல்லிண்டிருக்க வேண்டாம்" என்பார்.

அவனும் சொல்லவில்லை. சார் தூக்கத்திலேயே போய்விட்டார். மாரடைப்பு, வயசும் எழுபத்து நாலு என்றார் டாக்டர். புகழேந்திக்கு மட்டும் அது பாயசமாகத்தான் பட்டது. அப்பாவுக்கு அடுத்தபடி அவன் உயிரை வைத்திருந்த மனிதரைத் தானே வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொன்றுவிட்டோமோ என்று முப்பது நாளாக மருகிக்கொண்டிருந்தான். ஆனந்தம் அம்மாளுக்கு இது தெரிந்தால் எந்த முகத்தோடு அந்த வீட்டுப் படியேறுவது?

முதலில் பேசியவர், வலங்கைமான் பக்கத்துக் காத்தாயி அம்மன் கோயில் பூசாரி சாமிதுரை.

"ஐயா மாதிரி பக்தர நான் பாத்ததில்லைங்க. ஆடி மாசம் மாவிளக்கு போட்டா, வெல்லம் தூக்கலா இருக்குற மாவாப் பாத்து உருட்டி உருட்டிச் சாப்புடுவாரு. ஆத்தா மேல அம்புட்டுப் பிரியம்."

ஆனந்தம் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

அடுத்து முத்துப்பேட்டை தர்காவிலிருந்து வந்திருந்த அப்துல் ஹமீது. மனிதர் அழுதேவிட்டார். "சாருக்குன்னே முட்டை சேக்காம தனியா தம்ரூட் கிண்டுவோம். நெய் சொட்டச் சொட்ட மூணு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிடுவாங்க. வீட்ல இனிப்பே காட்ட மாட்டாங்களாம், பாவம். ஒவ்வொரு தடவையும் கூட்டிட்டு வந்த புண்ணியம் நம்ம புகழேந்தி தம்பிக்குத்தான்."

எல்லாரும் புகழேந்தியைப் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ கைகூடத் தட்டினார்கள்.

சாருடைய ஆராய்ச்சியைப் பற்றி நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தான். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தான்.

"அம்மா, எல்லா எடத்துக்கும் நான்தான் கூட்டிட்டுப் போனேன். உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டதாலதான் சார் போயிட்டாங்களோன்னு இருக்கு. மன்னிச்சுடுங்க." இறங்கிவிட்டான்.

கூட்டம் கலைந்ததும் அம்மாள் அவனைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பாத்துப் பாத்து நானும் டாக்டரும் மண்டையை உடைச்சிண்டோம். பாகற்காய் ஜூஸ் போறலையோன்னு இன்னொரு டம்ளர் கூடக் குடுத்தேன். அதையும் மடக் மடக்னு குடிச்சாரே, பாவி மனுஷன்."

புகழேந்தி தலையைக் குனிந்துகொண்டான்.

"அவர் ஏங்கிப்போயிடுவாரேன்னு நானும் அன்னிக்கே தித்திப்பை விட்டுட்டேன். எனக்கு வியாதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேரன் காதுகுத்துலகூட பாயசத்தைத் தொடல. பன்னெண்டு வருஷம்."

திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அம்மாள் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எந்த ஊர்ல ரொம்ப நன்னா இருக்கும்?"

"திருக்கடையூர் பாயசம்தாம்மா."

"ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு வண்டியை எடுத்துண்டு வா. மெதுவா ஓட்டு."

"அம்மா, அது கல்யாண வீடு..." என்று இழுத்தான்.

"தாலி இல்லாதவ வரலாமான்னு எவனாவது கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார் ஆனந்தம் அம்மாள். "நீ என்னை முதல் பந்தியில உக்கார வெச்சாப் போறும்."