மெயினை இறக்கும் முன்

அருள்புரத்தில் கலைமகளைப் பற்றிக் கேட்டால், "கெட்டிக்காரிங்க, ஆனா வாய் சாஸ்தி" என்பார்கள். இரண்டும் உண்மை. பனியன் கம்பெனிகளுக்கு சாப்ட்வேர் எழுதுகிறார். தன் புரோகிராம் தப்பே செய்யாது என்று சொல்லமாட்டார்; செய்தால் பிடித்துவிடுவேன் என்பார்.

மகுடேஸ்வரனின் கம்பெனியில் ஓடுவது அவர் எழுதியதுதான். டெய்லர் ஒரு கட்டுத் துணி தைத்து முடித்து அதன் சீட்டை ஸ்கேன் செய்தால், ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓடும் சர்வர் அதை வாங்கிப் பதிவு செய்யும். கோடி மேசையில் தைக்கும் பூவாத்தாள்தான் ஷிப்ட் முடிகிறபோது எல்லாருக்கும் கடைசியாக ஸ்கேன் செய்வார்; அவருடைய அந்தக் கடைசிக் கட்டு மட்டும் அடிக்கடி கணக்கில் காணாமல் போனது. தைத்தேன் என்றார் அவர். கம்ப்யூட்டர் இல்லை என்றது. மகுடேஸ்வரன் எல்லார் முன்னாலும் அவரைப் பொய்க்காரி என்று சொல்லி, மெஷினை விட்டுப் பிசிறு வெட்டப் போகச் சொன்னார். பூவாத்தாள் போனில் அழுததைக் கேட்டுக் கலைமகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலமே கம்பெனியில் போய் நின்றார். ஷிப்ட் முடிந்ததும் மகுடேஸ்வரன் புரோகிராமை மூடப் பார்த்தார். மூடவில்லை. சட்டென்று கரண்ட் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டார்.

"ஏனுங்ண்ணா, தெனமும் இப்படித்தானுங்களா?"

"ஆமா அம்மிணி. அது ஸ்டக் ஆயிக்குது. எத்தன நேரம் நிக்கறது?"

கலைமகளுக்குப் புரிந்துவிட்டது. சர்வரில் ஒரு திரெட், அதாவது புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலையாள், அடுத்த ஸ்கேனை எதிர்பார்த்தே உட்கார்ந்திருக்கும். போகும்படி அதற்கு யாரும் சொல்லவில்லை. அதனால் திரையில் புரோகிராமின் ஜன்னல் மூடாது. கடைசியாக வந்த கட்டு பதிவில் எழுதப்படாமல் கம்ப்யூட்டரின் நினைவில் கிடக்கும்போதே கரண்ட் போய்விடும்.

"பூவாத்தாக்கா பொய் சொல்லலீங்ண்ணா. என்ற புரோகிராமும் உங்க கையுஞ் சேந்து அவங்க கட்ட முழுங்கியிருக்குது. நாளைக்கு ஒரு நாள் அவங்களுக்கு மெஷின் குடுங்க, காட்டறேன்."

மறுநாளே கலைமகள் புரோகிராமை மாற்றினார். மூடச் சொன்னால் சர்வர் முதலில் புது ஸ்கேன் வாங்குவதை நிறுத்தும். காத்திருக்கும் திரெட்டைத் தட்டி எழுப்பி அனுப்பும். கையில் வேலை உள்ள திரெட்டுகள் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் தானும் மூடும்.

சாயங்காலம் மகுடேஸ்வரன் மூடச் சொன்னதும் திரையில் வந்தது: "பூவாத்தாளின் கட்டு பதிவாகிறது. பொறுங்கள்." பழக்கத்தில் மெயினுக்குப் போன கையை இழுத்துக்கொண்டார். பதிவு ஏறியது. ஜன்னல் தானாக மூடியது.

நேராகக் கோடி மேசைக்குப் போனார். "பூவாத்தாக்கா, நீங்க இந்த மெஷின்லயே உக்காருங்க."

"உக்காரறனுங்க. ஆனா எல்லாரும் இருக்கறப்பத்தான பொய்க்காரின்னீங்க? இப்பவும் எல்லாரும் இருக்கறாங்க."

மகுடேஸ்வரன் வாசலில் பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றவர்களைப் பார்த்தார். "அக்கா சொன்னது நெசந்தானுங்க. நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.