மேடம் பெயர் ஒட்டிய குழாய்

திங்கட்கிழமை காலைகளில் மேடம் இடது கையை மேசைமேல் நீட்டி வைப்பார். நான் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடுவேன். ஊசி ஏறும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாள் முழுக்கப் புற்றுநோயாளிகளின் ரத்தத்தோடு புழங்குகிறவருக்குத் தன் ரத்தத்தைப் பார்க்கப் பயம். எனக்குச் சிரிப்பாக வரும்.

எண்பதுகளின் கடைசி. தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் நாங்கள் இரண்டே பேர். அவர் நோய் எதிர்ப்பாற்றலை ஆராயும் விஞ்ஞானி, நான் டெக்னீஷியன். ரத்தத்தில் உள்ள டி செல்கள் புற்றுநோயோடு சண்டை போடும், கொஞ்சம் கைகொடுத்தால் ஜெயிக்கவும் செய்யும் என்பது அவர் கட்சி. கூட்டங்களில் அதைச் சொன்னால் பெரிய டாக்டர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். செம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக லேபுக்கு வந்துவிடுவாராம். "அந்தம்மாவுக்கு வூட்ல யாரு கீறாங்க? அங்க போய் இன்னா பண்ணும்?" என்பார் வாட்ச்மேன்.

டி செல்லை எண்ண எங்களுக்கு இருந்த வழி ஆட்டு ரத்தம். ஆட்டின் சிவப்பணுக்களை மனித ரத்தச் செல்களோடு கலந்தால், டி செல்லைச் சுற்றி மட்டும் பூ மாதிரி ஒட்டிக்கொள்ளும். மைக்ராஸ்கோப்பில் அந்தப் பூக்களை எண்ண வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் கூடவே சோதிப்போம். அதைக் கண்ட்ரோல் என்போம். எங்கள் கண்ட்ரோல் ஆரம்பத்திலிருந்தே மேடம்தான்.

ஒரு வருஷம் பொங்கல் சமயத்தில் மேடத்தின் ரத்தத்தில் பூக்கள் குறைந்தன. முதலில் ஆட்டைச் சந்தேகப்பட்டு வேறு ஆடு பார்த்தோம். பிறகு தண்ணீரை மாற்றினோம். கடைசியில் பழி என் கைமேல் விழுந்தது. "நீ மெதுவா கலக்கறதில்ல, குலுக்குற. கண்ட்ரோலே இப்படி வந்தா மத்த ரிசல்ட்டெல்லாம் குப்பைதான்" என்று வாராவாரம் திட்டு. நொந்துபோனேன். அவர் உடம்பைச் சந்தேகிக்க எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

ஒரு திங்கட்கிழமை அவரிடம் எடுத்த ரத்தத்தைக் கொட்டிவிட்டு, என் கையில் நானே குத்தி எடுத்து, மேடம் பெயர் ஒட்டிய குழாயில் ஊற்றினேன். பூக்கள் நிறைய வந்தன. "இப்பதான் உன் கை சரியாச்சு" என்று கேன்டீனுக்கு அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரமும் அதையே செய்தேன். அப்படியே நான்கு மாதம் ஓடிவிட்டது. என் கையில் தப்பில்லை என்றால் தப்பு அவர் ரத்தத்தில்தான் என்று உறைத்திருக்க வேண்டும். உறைத்தது என்றே சொல்லலாம். திட்டு நின்ற நிம்மதியில் அதை ஒதுக்கி வைத்தேன்.

ஆடியில் அவர் கழுத்தில் கட்டி தெரிந்தது. நிணநீர்ப் புற்றுநோய், முற்றியிருந்தது. முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. மேடத்தைப் பார்க்கப் போனபோது, வாராவாரம் அவருடைய பூக்கணக்கைக் குறித்து வைத்த கண்ட்ரோல் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். படுத்தபடியே பக்கம் பக்கமாகப் புரட்டியவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"பாரு, ஜனவரில விழுந்திருக்கு. அப்பவே கேன்சர் ஆரம்பிச்சிருக்கு. அப்புறம் நாலு மாசம் தானா ஏறியிருக்கு. மருந்தில்ல, ஒண்ணுமில்ல. என் டி செல் சண்டை போட்டிருக்கும்மா! நான் சொன்னப்ப யார் நம்பினாங்க?"

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "மேடம்..." என்றேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"அந்த நாலு மாசத்த மட்டும் தனியா எழுதிக் குடு. கட்டுரையா அனுப்பலாம்."

கட்டுரை எழுத அவருக்கு நாள் இருக்கவில்லை. டி செல்லைக் கொண்டே புற்றுநோயை விரட்டுகிறார்கள் என்று இப்போது பேப்பரில் படிக்கிறேன். அவர் சொன்னதுதான். வீட்டில் யாரிடமாவது சொல்லலாம் என்று வாய் வரை வரும், பேசாமல் பேப்பரை மடித்து வைத்துவிடுவேன். ஆரம்பித்தால் முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

அன்று கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து நான்கு மாதத்தையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். தாளின் தலைப்பில் அவர் பெயர். வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கிப் போனார்.