அலமாரி மேல் வைத்த கீபோர்டு

“கை வலிக்குது டீச்சர்” என்று கொளஞ்சி சொன்னபோதெல்லாம் நான் ஏன் அவர் விரல்களை மட்டும் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை?

2006-இல் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒரு டி.டி.பி. சென்டரில் டைப்பிங் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். அங்கே பழக வந்த கொளஞ்சி என்னைவிட மூத்த பெண். செராமிக் யூனிட்டில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளுக்குப் பிசிறு சீவிச் சீவி, மணிக்கட்டு வீங்கி, வேலையை விட்டுவிட்டு வந்தவர். டைப்பிங் பழகிவிட்டால் சென்டரிலேயே ஆபரேட்டராக எடுத்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருந்தார்.

ஒருநாள் பையிலிருந்து ஒரு கீபோர்டை எடுத்தார். நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் கூரைபோல் சரிந்திருந்தது.

“எங்க வூட்டுக்காரரு சிங்கப்பூர்லேர்ந்து அனுப்புனாரு டீச்சர். இதுல கையை மடக்காம அடிக்கலாமாம்.”

முதலாளி எட்டிப் பார்த்தார். “என்னம்மா, வர்ற வழியில இது மேல பஸ்ஸு ஏறிடுச்சா?”

நானும் சிரித்தேன். “இதுல பழகுனா எந்த எழுத்துக்கு எந்த விரல்ங்கிற ஃபிங்கரிங் கெட்டுடும்ங்க” என்று வாங்கி அலமாரி மேல் வைத்தேன். அதோடு விடவில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் எனக்குச் செய்ததுபோல, அவருடைய இரண்டு கக்கத்திலும் நோட்டுப் புத்தகத்தை இடுக்கிக்கொள்ளச் சொன்னேன். முழங்கை விலகினால் நோட்டு விழும். விழும்போதெல்லாம், “மறுபடி முதல்லேர்ந்து அடிங்க” என்றேன்.

மூன்றாம் வாரம் தண்ணீர் பாட்டில் மூடியைக்கூட அவரால் திருக முடியவில்லை. “போயிட்டு வரேன் டீச்சர்” என்று எழுந்தார். கீபோர்டை எடுத்து நீட்டினேன்.

“இருக்கட்டும். வேற யாருக்காச்சும் ஆவும்.”

பிறகு வரவேயில்லை.

அந்தக் கீபோர்டு கடைசியில் ஆனது எனக்குத்தான். குழந்தையைத் தூக்கித் தூக்கி என் கட்டைவிரலடியில் வலி பிடித்துக்கொண்டது. டைப் அடிக்க முடியாமல் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அதை இறக்கித் தூசி துடைத்தேன். இந்தக் குறிப்பையும் அதில்தான் அடிக்கிறேன். என் கக்கத்தில் நோட்டு இல்லை.

கொளஞ்சி மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி பிசிறு சீவப் போகிறாராம். இங்கே இன்னொரு ஆபரேட்டர் வேண்டும் என்கிறார் முதலாளி. கீபோர்டைத் திருப்பிக் கொடுத்து அவரைக் கூப்பிட நினைக்கிறேன். இரண்டாம் முறையும் அவர் கையைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. இப்படிப்பட்ட கீபோர்டில் வேலை பார்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்: அவ்வளவு நொந்த கை இதில் தேறுமா? அவர் வாசலில் போய் நின்று, நான் முதலில் என்ன சொல்ல வேண்டும்?